பழைய லொறியும் சின்ன சிவப்பு பல்பும்



மழை இரவில் லயத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் நாம் முதலில் தேடுவது தோட்டத்து லொறியைத்தான். போன வருடம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, நடுவழியில் லைட் மங்கி மங்கி அணைந்தே போனது. டீசல் எஞ்சின் என்பதால் ஓட்டம் நிற்கவில்லை. கிளீனர் பையன் டோர்ச்சுடன் முன்னால் நடக்க, வளைவு வளைவாக இறங்கினோம். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் "வண்டி பழசு, எஞ்சின் புதுசுதானே, பிறகு ஏன் லைட் அணைந்தது?" என்ற கேள்வி எங்களை விடவில்லை.

விடை கிடைத்தது யாழ்ப்பாணத்தில். கலியாணம் ஒன்றுக்குப் போன இடத்தில், பழைய லொறிக்குப் புது எஞ்சின் ஏற்றி வயர் இழுத்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "தம்பி, சைக்கிள் டைனமோ தெரியும்தானே? அதில இருந்து தொடங்குவம்" என்றார்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் டோர்ச் பெட்டரிக்கும் கூடத் தடை. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் செய்ய மட்டும் கொஞ்சம் பெற்றோல்.

அந்தச் சின்ன டைனமோவில் காந்தம் சுற்றும், கம்பிச்சுருள் அசையாது. வருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். பல்புக்கு அது போதும். ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓட வேண்டும். அதற்கு டயோட் வைத்தார்கள். டயோட் என்பது ஒருவழிக் கதவு மாதிரி. இன்றைய எஞ்சினில் உள்ள அல்டர்னேட்டரும் இதே முறைதான். அதில் சுற்றுவது மின்காந்தம். டயோட்கள் உள்ளேயே இருக்கும்.

பழைய லொறி டைனமோ இதற்கு நேர் எதிர். அதில் கம்பிச்சுருளே சுற்றும். மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சுமார் 20 அம்பியர்தான் கிடைக்கும். அதுவும் எஞ்சின் வேகமாக ஓடினால். ஹெட்லைட் இரண்டுக்கே 8 அம்பியர் போகும்; வைப்பர் வேறு. மெதுவாக ஊர்ந்து போனால் எல்லாச் செலவும் பெட்டரி தலையில். வரவில்லாத செலவு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அல்டர்னேட்டரோ எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும்.

ஆனால் புதியதைப் பழைய வண்டியில் கண்டபடி பூட்டக்கூடாது. மெக்கானிக் சொன்னவை இவை:

1. வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்து, அதற்கேற்ற அல்டர்னேட்டர் போட வேண்டும்.

2. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். இப்போதைய அல்டர்னேட்டருக்கு மைனஸ் முனை பொடியில் இருக்க வேண்டும். மாற்றாமல் இணைத்தால் டயோட்கள் அந்த நிமிடமே கருகும்.

3. பழைய ரெகுலேட்டர் பெட்டி தேவையில்லை. பெரும்பாலும் அல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் உண்டு. பெட்டியைக் கழற்றும்போது அதன் வழியாக லைட்டுக்கும் சுவிட்சுக்கும் போன வயர்களுக்கு வேறு வழி செய்ய வேண்டும்.

4. அல்டர்னேட்டரிலிருந்து பெட்டரிக்குத் தடித்த வயரும் பொருத்தமான பியூசும் வேண்டும். பழைய மெல்லிய வயர் சூடாகித் தீப்பிடிக்கும். பழைய அம்பியர் மீட்டரும் அந்த மின்சாரத்தைத் தாங்காது.

5. சில டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் அல்டர்னேட்டரின் பின்னால்தான் பூட்டியிருக்கும். பம்ப் இல்லாத ஒன்றை மாற்றிப் போட்டால் பிரேக் கல்லாக இறுகும். மலை ரோட்டில் இது உயிர் விஷயம்.

6. எஞ்சின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றவே கூடாது.

கடைசியாக, டாஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் பல்ப். "அது அடையாளத்துக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. அந்தப் பல்பு வழியாப் போற சொட்டு மின்சாரம்தான் அல்டர்னேட்டரை எழுப்பிவிடுறது" என்றார். பழைய டைனமோவுக்கு இது வேண்டாம். இரும்பில் மிச்சமிருக்கும் காந்த சக்தியே அதற்குப் போதும். அல்டர்னேட்டர் அப்படியல்ல. பல்ப் எரிந்துபோனால் பலவற்றில் சார்ஜ் ஏறாது.

திரும்பி வந்ததும் எங்கள் லொறி டிரைவரிடம் கேட்டோம். "அந்த பல்பு ஃபியூஸ் போயி மூணு மாசம் இருக்கும் ஐயா. சின்ன பல்புதானேன்னு விட்டுட்டேன்" என்றார். பல்பை மாற்றினோம். முன்பு எஞ்சின் ஓடும்போதும் 12 வோல்ட்டைத் தாண்டாத மீட்டர், இப்போது 14 வோல்ட் காட்டியது. ஒரு சின்ன பல்புக்காக இரண்டு உயிர்களை இருட்டில் கொண்டு போயிருக்கிறோம்!

ஆகவே உறவுகளே, இரவில் நோயாளியை ஏற்றுமுன் டிரைவரோடு சேர்ந்து இதைப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் சிவப்பு பல்ப் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் பகலிலேயே கராஜுக்குச் சொல்லுங்கள். இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

வாகன மின்வேலையில் ஆசையுள்ள பிள்ளைகள் லயங்களில் எத்தனையோ பேர் உண்டு. சைக்கிள் டைனமோவால் ஒரு குடாநாடே செய்தி கேட்டது. நம் பிள்ளைகளும் அதே டைனமோவில் பாடம் தொடங்கட்டும்.