அறுப்பு முடிந்தால் பந்தி

மும்பையில் 'வாத்து' என்ற பெயரோடு விற்பது பறவை அல்ல. 'பாம்பே டக்' என்பது கோலிவாடாக்களில் மூங்கில் சட்டங்களில் தொங்கிக் காயும் பொம்பில் மீன். ஊரிலிருந்து புதிதாக வந்து மாட்டுங்காவில் இறங்கும் தமிழர் ஏமாறும் விஷயங்களில் இதுவும் ஒன்று. நிஜ வாத்துகளைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் தாராவிக்காரரும் செம்பூர்க்காரரும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அறுவடைக் காலமாக இருந்தால், அரக்கோணம் பக்கத்து வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரு கம்புக்காரரின் முன்னால் நகர்வதைக் காணலாம்.

அந்தக் கம்புக்காரர் பெரும்பாலும் தீவனம் வாங்குவதில்லை. திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் வாத்து மேய்ப்பு அறுவடையின் பின்னாலேயே போகிற தொழில். ஓர் ஊரில் அறுப்பு முடிந்தால் அடுத்த ஊர். சிந்திய நெல், புழு, பூச்சி, சிறு மீன், பச்சைப் பூண்டு எல்லாம் ஒரே வயலில் கிடைக்கின்றன. இதில் நத்தைதான் கெட்டிக்காரத் தீனி: சதை புரதம், ஓடு முட்டைக்கு வேண்டிய சுண்ணாம்பு. பதிலுக்கு வயலுக்கு எரு கிடைக்கிறது. சரிவிகித உணவு என்று யாரும் பெயர் வைக்காமலே நடந்துவரும் ஏற்பாடு.

வாத்தைப் பட்டியில் அடைத்ததும் அந்த ஏற்பாடு அறுந்துவிடுகிறது. பூச்சிமருந்து அடித்த வயலில் மேய விட முடியாது. வயல்களே மனைகளாகிவரும் ஊர்களும் உண்டு. பட்டிக்காரர் சோறு போடுகிறார், இல்லையென்றால் கோழித்தீவனம். சில வாரங்களில் குஞ்சுகளின் கால் வளைகிறது. எழுந்து நடக்க முடிவதில்லை. நோய் என்று ஊசி தேடுகிறார்கள். பல நேரங்களில் காரணம் நியாசின் என்ற வைட்டமின் பற்றாக்குறை. வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். முட்டைக்கோழிக் குஞ்சுக்கு அதில் பாதி போதும். ஈஸ்ட் கொஞ்சம் கலந்தால் குறை தீரும். ஆனால் கால் முற்றிலும் வளைந்தபின் கலந்து பயனில்லை.

இன்னொரு ஆபத்து கடலைப் பிண்ணாக்கு. புரதம் நிறைந்தது, கைக்கெட்டுவது. ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் விஷம். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. வாத்துக்குஞ்சுகளும் தப்பவில்லை. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் காரணம் இருந்தது. அந்த விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வந்தது. பின்னர் அதைச் சோதிக்க ஆய்வகங்கள் பயன்படுத்தியது எதைத் தெரியுமா? பிறந்து ஒரு நாளான வாத்துக்குஞ்சை. அவ்வளவு சீக்கிரம் அதன் ஈரல் பழுதாகும். பூசணம் பிடித்த மூட்டையைக் கோழி தாங்கினாலும் தாங்கும், வாத்து தாங்காது.

மற்றவை எளிது. குஞ்சுக்கு நூற்றுக்கு 20 பங்கு புரதம், வளர்ந்தபின் 16 அளவில். முட்டையிடும் காக்கி கேம்பல் வாத்துக்கு நாளொன்றுக்கு 120 முதல் 170 கிராம் தீவனம், தனியாகக் கிளிஞ்சல் தூள். உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். நனைத்தே வைக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீரும் இருக்க வேண்டும். குளம் கட்டாயமில்லை. தலையை முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவும் ஆழம் போதும். ரொட்டித் துண்டு பாசத்தைக் காட்டலாம், வயிற்றை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

செம்பூரில் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர் இரண்டு வாத்து வளர்க்க ஆசைப்பட்டால் நத்தைக்கு எங்கே போவது? கருவாடு இருக்கிறது. ஆனால் உப்புக் கருவாடு வாத்துக்கு ஆகாது. உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்வது அந்த பொம்பில். உடைந்த துண்டுகளைப் பொடித்துத் தவிட்டோடு கொஞ்சம் கலக்கலாம். அளவு மீறினால் முட்டையில் மீன்வாடை அடிக்கும்.