மருந்து ஏற்றுமுன் ஈரலைக் கேட்க வேண்டும்

குருநகரில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் வீட்டில் முதலில் தேடுவது கீழ்க்காய்நெல்லியைத்தான். செங்கண்மாரி என்று பேர் வைத்து, வேரோடு அரைத்துப் பாலில் கலக்கிக் கொடுத்து, எண்ணெயும் மீனும் விலக்கிப் பத்தியம் காப்பார்கள். சாதாரணக் காமாலை தானாகவே மாறும். பேர் மூலிகைக்குப் போகும். ஆனால் ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்த ஒருவருக்குக் கண் மஞ்சளித்த பிறகு, பத்தியத்தில் கழியும் இரண்டு கிழமை ஈடுசெய்ய முடியாத இழப்பு.

கீழ்க்காய்நெல்லியை யாரும் ஆராயாமல் விட்டுவிடவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியை அது விரட்டுவதாகச் சென்னையில் தியாகராஜன் குழுவினர் செய்த ஆய்வை 1988இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அது எப்படியிருந்தாலும், கட்டி நெரித்து அடைத்த பித்தக்குழாயை எந்தச் சாறும் திறக்காது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. எதற்கெடுத்தாலும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடிய நிலை அதனால் வெகுவாகக் குறைந்தது. அப்படி வாசலுக்கே சிகிச்சை வந்த பிறகும், ஈரல் பழுதான நோயாளியின் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஐயாவுக்கு ஏன் இன்னும் மருந்து ஏத்தேல்லை? கைவிட்டிட்டினமோ?"

அந்தக் கேள்விக்கு நேரான பதில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அது தளர்ந்திருக்கும்போது வழக்கமான அளவில் கொடுத்த மருந்து உடம்பிலேயே தேங்கும். ஐரினோடீகன் பித்தத்தோடு வெளியேற வேண்டியது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இரத்தத்தில் கூடியவருக்கு ஏற்றினால் வெள்ளை அணுக்கள் சரிந்து, கிருமித் தொற்றிலேயே ஆள் போய்விடலாம். டொக்சோரூபிசினையும் டோசிடாக்சலையும் அதே பயத்தோடுதான் கையாள வேண்டும். ஒக்சாலிபிளாட்டின் பெரும்பாலும் சிறுநீரகத்தால் வெளியேறுவதால், குடற்புற்று ஈரலுக்குப் பரவியவர்களுக்கு அதை நாட இடமுண்டு.

ஈரலில் தோன்றும் புற்றுநோயில் ஈரலின் பலத்தை அளக்க 'சைல்ட்-பியூ' என்ற புள்ளிக்கணக்கு உண்டு. பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி. ஒருவருடைய துண்டில் பிலிருபின் 2.6 மில்லிகிராம், அல்புமின் 2.9 கிராம், உறைதலைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5, வயிற்றில் கொஞ்சம் நீர், புத்தி தெளிவு என்று இருந்தால் 2, 2, 1, 2, 1. மொத்தம் 8. இது 'பி' வகுப்பு. 5, 6 என்றால் 'ஏ'. 10உம் அதற்கு மேலும் 'சி'.

இந்த எழுத்துக்குள் ஒரு பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. ஈரற்புற்றுக்கு வழி திறந்த சொராஃபெனிப் மருந்தின் ஆய்வு 2008இல் வெளிவந்தது. 602 பேரில் ஏறக்குறைய எல்லோரும் 'ஏ' வகுப்பினர். மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், எடுக்காதவர்களுக்கு 7.9. அந்த மூன்று மாதத்தை 'பி' வகுப்பு ஆளுக்கும் உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது. அவர்களுக்கென்று தனியே நடந்தவை சின்ன ஆய்வுகள்தான். நிவோலுமாப் என்ற எதிர்ப்புச்சக்தி மருந்தை 'பி' வகுப்பினர் 49 பேருக்குக் கொடுத்தபோது, எட்டில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஈரல் பழுதானவர்களை ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்களுக்கு எது நல்லதென்று ஊகிப்பது மருத்துவ உலகம் வெட்கப்பட வேண்டிய விஷயம். இலங்கையில் ஈரற்புற்று பெரும்பாலும் கிருமியால் வருவதில்லை. கொழுப்பும் மதுவும் சுருக்கிய ஈரலில்தான் வருகிறது. ஆகவே இது நம் வீடுகளின் பிரச்சினை.

சைல்ட்-பியூ எண்ணைப் பார்த்ததும் மனம் உடைய வேண்டியதில்லை. ஈரல் ஏன் பழுதானது என்பதே அடுத்த கேள்வி. குழாய் அடைபட்டுத்தான் மஞ்சள் ஏறியதென்றால், கமரா வழியாகவோ விலாப்பக்கம் ஊசி வழியாகவோ ஒரு சிறுகுழாய் வைத்துப் பித்தத்தை வடியவிடலாம். பல கிழமைகளில் பிலிருபின் இறங்கி, மருந்து ஏற்றும் நிலை திரும்பி வருவதுண்டு. மார்புப்புற்று, சிறுசெல் நுரையீரல்புற்று, லிம்போமா போன்றவை ஈரலை நிறைத்ததால் வந்த பழுதென்றால், அளவு குறைத்துத் துணிந்து மருந்து கொடுத்து ஈரலையே மீட்டவர்கள் உண்டு. சிரோசிஸ் என்ற தழும்பேற்றம் சுருக்கிய ஈரலில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்கான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியரிடம் கேளுங்கள்: அடைப்பா, கட்டியா, சிரோசிஸா?

மருந்து ஏற்ற முடியாதவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. ஈரற்கட்டியால் வலித்த 66 பேரில் பாதிப்பேருக்கு ஒரேயொரு தடவை கதிர்ச்சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து வலியைக் கணித்துப் பார்க்க முடிந்தவர்களுள், கதிர் பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கு வலி குறைந்திருந்தது. பெறாதவர்களில் 22 சதவீதம். ஒரு நாள் காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழைக்குப் போய்வரும் அலைச்சலுக்கு அது பெறுமதியான நிவாரணம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. பழுதான ஈரலுக்குப் பனடோல் ஒரு நாளில் நான்கு குளிசைக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பழுதையும் கொண்டு வரும், முற்றாக விலக்குங்கள். மோர்ஃபினுக்குப் பயந்து ஒருவரை வலியில் துடிக்க விடுவது கொடுமை. அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி வைத்தியர் கொடுப்பார். அதோடு மலச்சிக்கலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் குடலில் தேங்கும் கழிவு மூளையைக் குழப்பும். லக்டுலோஸ் பாணியைத் தரச் சொன்னால், நாளுக்கு இரண்டு மூன்று தடவை வெளியே போகும்படி தவறாமல் கொடுங்கள். ஆள் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பிள்ளைகளின் பேரை மாற்றிச் சொன்னாலோ, நீட்டிய கை படபடத்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.