ஒரு சொல், இரண்டு வேலை!
குட்டீஸ், 'டிவைஸ்' என்றால் கருவி. தந்திரம், உபாயம் என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் 'பொறி'யும் அப்படித்தான். இயந்திரமும் பொறி; எலியை ஏமாற்றிப் பிடிப்பதும் பொறி!

இதை 'சி' போட்டு எழுதினால் பெயர்ச்சொல். 'சி'க்குப் பதில் 'எஸ்' போட்டால் வினைச்சொல்: 'யோசித்துத் திட்டமிடு'. அப்போது கடைசி ஒலி தேனீபோல ரீங்கரிக்கும்.

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்யத் திட்டமிட்டார் விஞ்ஞானி வைணு பாப்பு. இது 'எஸ்'. ஆனால், 1982-ல் அவர் மறைந்துவிட்டார். 1986-ல் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. இது 'சி'. அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஆங்கில எழுத்து வரிசையில் 'சி' முந்தி வரும். வேலையில் 'எஸ்'தான் முந்தி!