கணக்கைக் கேளாத ஊரும் ட்வீடின் வீழ்ச்சியும்

மகாசபையில் வரவு செலவு வாசிக்கப்படும் வேளையில் அங்கத்தினர் பலர் எழுந்து வெளியே செல்வதை நாம் காண்கிறோம். "நம்பிக்கையானவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது அவர்கள் கூறும் சமாதானம். இம்மனப்பான்மையால் விளையும் கேட்டிற்கு நியூயார்க் நகரின் சரித்திரம் தக்க சான்றாகும்.

வில்லியம் ட்வீட் 1823-ல் நாற்காலி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தீயணைக்கும் தொண்டர் படையில் பெயரெடுத்து, 1851-ல் நகரசபைத் தேர்தலில் வென்றார். பின்னர் டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் தலைவரானார். 1870-71 குளிர்காலத்தில் தம் வட்டாரத்து ஏழைகளுக்கு 50,000 டாலர் வழங்கினார். கொடுத்த கை எடுத்த கையை மறைத்தது.

எடுத்த விதம் எளியது. ஒப்பந்தக்காரர் தம் பட்டியலில் தொகையைப் பன்மடங்கு உயர்த்தி எழுதுவார். மிகுதியை ட்வீடும் தோழர்களும் பங்கிட்டுக்கொள்வர். 1858-ல் 2,50,000 டாலரில் திட்டமிடப்பட்ட நீதிமன்றக் கட்டடத்திற்கு 1 கோடி 20 லட்சம் டாலருக்கு மேல் செலவெழுதப்பட்டது. அமெரிக்க அரசாங்கம் 1867-ல் அலாஸ்கா முழுவதையும் வாங்கக் கொடுத்ததோ 72 லட்சம் டாலர்தான்!

இது எப்படி மறைந்திருந்தது? பணம் வழங்கக் கையொப்பமிட வேண்டிய கணக்கதிகாரி கானலியே பங்காளி. 1870-ல் ஆறு செல்வர்கள் கணக்கைப் பார்வையிட்டுக் குறையில்லை என்று சான்றும் அளித்தனர்! காவலனே கூட்டாளியானால் பூட்டினால் பயன் என்ன?

1871 ஜனவரியில் அக்கூட்டத்தின் கணக்கர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதன்பின் பேரேடு எழுத வந்தவர் பதிவுகளைப் பிரதி எடுத்தார். ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. 1873-ல் ட்வீட் தண்டனை பெற்றார்; 1875-ல் காவலிலிருந்து தப்பி ஸ்பெயின் வரை ஓடியும் மறு ஆண்டு பிடிபட்டு, 1878-ல் சிறையிலேயே மாண்டார். ஆயினும் போன பணத்தில் பெரும்பகுதி மீளவில்லை.

அங்கத்தினர்களே, நம் சங்கப் பணம் தறியிலும் வயலிலும் சிந்திய வியர்வை. பட்டியலில் கண்ட நூலும் உரமும் கிடங்கில் உள்ளனவா என்று கேளுங்கள். வாங்குபவர், பணம் வழங்குபவர், தணிக்கை செய்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறானவரா என்று பாருங்கள். எம்மைப் போன்ற ஆய்வாளர் ஆண்டில் சில நாட்களே வருவோம். நீங்களோ ஆண்டு முழுவதும் அங்கிருக்கிறீர்கள். கேள்வி கேட்பது அவமதிப்பன்று. நேர்மையான நிர்வாகிக்கு அதுவே பாதுகாப்பு.