பட்டுடுத்திய சகுந்தலை

சுவர் சொல்லும் வரலாறு – 14

புதுச்சேரி முதலியார்பேட்டையில் பழைய வீடு ஒன்றின் கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. தோழிகளோடு போகும் சகுந்தலை, காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து நின்று, திரும்பிப் பார்க்கிறாள். காளிதாசனின் நாடகத்தில் வரும் காட்சி. துஷ்யந்தன் படத்தில் இல்லை; அவள் பார்வையில்தான் இருக்கிறான்.

ரவிவர்மா ஓவியத்தின் அச்சுப் பிரதி அது. ஆனால் முகம், கை, கால், காடு மட்டுமே காகிதம். புடவை அசல் பட்டு. வரைந்த மடிப்புக்கு ஏற்ப வெட்டி, பசையால் ஒட்டி, ஓரத்தைச் சரிகை நூலால் தைத்திருக்கிறார்கள். கரையில் சமிக்கி, கழுத்தில் பொடிமணி. முழங்கால் அருகே பட்டு இரண்டு அடுக்காக ஏறியிருக்கிறது. விளக்கைப் போட்டால் அந்த மடிப்பில் உண்மையாகவே நிழல் விழுகிறது.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து அச்சிட்ட அந்தப் படங்கள், அரண்மனைச் சுவரிலிருந்த கதைகளைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தன. முதலில் அச்சானதே சகுந்தலையின் பிறப்புதான். வாங்கியவர்கள் அத்தோடு விடவில்லை. செட்டிநாட்டிலும் பிற ஊர்களிலும் துணியும் சரிகையும் வைத்துப் படங்களுக்கு உடுத்தி அழகு பார்த்தார்கள்.

புதுச்சேரிக்கு ஊசிவேலை பழக்கமானது. குளூனி சபைக் கன்னியர் 1827இல் இங்கே வந்தார்கள். ரோமன் ரோலன் வீதியில் அவர்களுடைய பூத்தையல் கூடம் இருக்கிறது. முதலியார்பேட்டையோ ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் சங்கொலியில் விழித்த ஊர். நூலும் துணியும் அறிந்த கைகளுக்கு இங்கே குறைவில்லை.

நாடகத்தில் சகுந்தலை உடுத்துவது மரவுரி. அவள் கணவன் வீட்டுக்குப் புறப்படும் நான்காம் அங்கத்தில், ஆசிரமத்து மரங்களே நிலா நிற ஆடையும் காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பும் தருகின்றன. ரவிவர்மா அவளுக்குப் புடவை கட்டினார். அந்தப் புடவையைப் பட்டாக்கியவர், மரங்கள் செய்த சீரைத் தன் கையாலேயே செய்துவிட்டார்.

அவர் யார்? வீட்டுப் பாட்டியின் மாமியார் என்கிறார்கள். பெயர் யாருக்கும் நினைவில்லை. சகுந்தலையை 1789இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன வில்லியம் ஜோன்ஸ், 1830இல் பிரெஞ்சில் தந்த ஷெசி, 1907இல் தமிழில் தந்த மறைமலையடிகள் எல்லோருக்கும் வரலாற்றில் பெயர் உண்டு. ஊசி பிடித்தவருக்கும் அந்த இடம் வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படியொரு படம் இருந்தால், வெயில் படும் சுவரிலிருந்தும் ஓதம் ஏறும் சுவரிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வெயிலில் பட்டு வெளுத்து இற்றுப்போகும். கடற்காற்றின் ஈரத்தில் சரிகை கறுக்கும், காகிதம் பூஞ்சை பிடிக்கும். கறுத்த சரிகையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புதுச் சட்டம் போடுவதற்காகப் பட்டைப் பிரிக்காதீர்கள். தைத்தவர் யார், எந்த ஆண்டு, எந்தப் புடவைத் துணி என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: தஞ்சாவூர் கண்ணாடி ஓவியங்கள்)