அரிவாளின் பதம்

கொல்லுப் பட்டறையில் அடித்து வாங்கிய அரிவாளுக்கும் கடையில் வாங்கிய எவர்சில்வர் கத்திக்கும் முதல் வேறுபாடு குரோமியம். எவர்சில்வரில் அது நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருப்பதால், காற்றுப் பட்டதும் மெல்லிய படலமாகி இரும்பைக் காத்துக்கொள்ளும். பட்டறை அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் பிறந்தது. அரை சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கரி உண்டு. கவசத்துக்குப் போதிய குரோமியம் கிடையாது.

அந்தக் கரிதான் வாய்க்குக் கூர்மை தருவது. உலையில் 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சிவந்த வாயைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது, கரி அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்புப் படிகத்துக்குள் சிக்கி அதை இறுக்குகின்றன. அப்படியே விட்டால் கண்ணாடிபோல் தெறித்துவிடும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டுவார்கள். தேய்த்து வெளுத்த இடத்தில் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள் படரும், 250-க்கு மேல் பழுப்பு, 280-ல் ஊதா, 300-ல் நீலம். தெர்மாமீட்டர் இல்லாத பட்டறையில் இந்த நிறங்களே அளவுகோல்.

சாணை பிடிக்கும்போது அரிவாள் கெடுவதும் இதே நிறத்தில்தான். மோட்டார் சாணையில் பொறி பறக்க அழுத்திப் பிடித்தால் வாயோரம் நீலம் ஓடும். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும். தண்ணீர் தெளித்த கல்லில் கையால் தீட்டுவது மெதுவான வேலை, ஆனால் சூடேறாது. ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை வாயின் குறுக்கே, நீளவாக்கில் அல்ல, மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். அப்போது பக்கம் மாற்றலாம். விறகு வெட்டும் அரிவாளைச் சவரக்கத்திபோல் மெலிதாகத் தீட்டினால் முதல் வெட்டிலேயே வாய் மடங்கும்.

சங்கரன்கோவில் பக்கம் துருவுக்கு ஒரு தனிக் காரணம் கரிசல் மண். அதன் களி நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். மண் அப்பிய அரிவாளை அப்படியே இறவாரத்தில் செருகினால், அந்த இடத்தில் துரு குழிக்கும். மழை மாதங்களான ஐப்பசி, கார்த்திகையில் சாக்கில் சுற்றி வைப்பதும் தவறு. சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அரிவாள்மனையில் எலுமிச்சையை நறுக்கிவிட்டுக் கழுவாமல் விட்டால், அமிலம் அரித்த தடத்தில் மறுநாள் செம்புள்ளிகள் நிற்கும். வாழைப்பூ நறுக்கினால் ஏறும் கருமை வேறு. பூவின் டானினும் இரும்பும் கூடிய சேர்மம் அது. கடுக்காயும் இரும்பும் சேர்த்த பழைய எழுத்து மையின் உறவு. அதைச் சுரண்ட வேண்டியதில்லை.

கழுவி, துடைத்து, வெயிலில் ஒரு நிமிடம் காட்டிய பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவினால் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசுபிசுக்கும். ஆயுத பூஜையன்று ஈரச் சந்தனம் வைத்து மறுநாள்வரை துடைக்காமல் விடுவதால், பூஜை செய்த இடத்திலேயே துரு பிடிப்பது பல வீடுகளில் நடக்கிறது!

கோடையில் மரப்பிடி சுருங்கி ஆடத் தொடங்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகுவதுபோல் தெரியும். ஆனால் உப்பிய மரம் இரும்புக் காம்பின்மேல் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். பிடியைக் கழற்றி, துளையில் அரக்குப் பொடியிட்டு, காம்பைச் சூடாக்கிச் செருகுவதே நிலைக்கும். அந்தப் பிடியில் கொதிநீர் படக்கூடாது; அரக்கு இளகிவிடும்.

வாயில் பெரிய பள்ளம் விழுந்தால் கல்லில் தேய்ப்பது வீண். பட்டறையில் காய்ச்சி அடித்து, புதிதாகத் தோய்ச்சல் போட வேண்டும். ஒவ்வொரு காய்ச்சலிலும் மேல்தோலில் உள்ள கரி கொஞ்சம் எரிந்துபோகும். அடித்து வாங்கிய அரிவாள் முதல் சில நாள் மந்தமாக வெட்டுவது அதனால்தான். இரண்டு மூன்று தீட்டலில் அந்தத் தோல் போய், உள்ளிருக்கும் கெட்டியான எஃகு வெளிப்படும்.