கம்பு பிடித்தால் ஆபீஸ் டென்ஷன் குறையுமா? சிலம்பம் கற்றுத்தரும் நிதானம்

காலை 8.45. ஸ்ரீரங்கத்தில் இருந்து திருச்சிக்குள் வரும் காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. நவல்பட்டு எல்காட் ஐ.டி. பூங்காவில் 9.30-க்கு மீட்டிங். சட்டைப் பையில் போன் அதிர்கிறது, பின்னால் டவுன் பஸ் ஹாரன். பைக்கில் இருப்பவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இதயம் மட்டும் ஓடுகிறது. பல்லைக் கடித்திருப்பதும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருப்பதும் அவருக்கே தெரியாது.

சிலம்பத்தில் முதன்முதலாக எதிராளி முன் நிற்பவருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். கம்பு சுழன்று வந்ததும் மூச்சை அடக்கிக்கொள்வார், தோள் மேலே ஏறும், பிடி இறுகும். பிடி இறுகினால் கம்பு சுழலாது. அடி வாங்க அதுவே போதும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது. வருவது கம்பா, மேனேஜரின் மெயிலா என்று உடம்பு பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. துடிப்பு கூடும், தசை இறுகும், மூச்சு மேலோட்டமாகும். இதயத்தை 'மெதுவா அடி' என்று சொல்ல முடியாது. மூச்சிடம் சொல்லலாம். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் நரம்பின் வேலை அது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அதை 6 முறை அளவுக்குக் குறைத்து, வெளிவிடுவதை நீட்டினால் படபடப்பு தணியத் தொடங்கும்.

இது யூடியூப்பிலேயே கிடைக்குமே, அப்புறம் எதுக்கு கம்பு?

சோபாவில் உட்கார்ந்து மூச்சு விடுவது சுலபம். நெற்றி உயர மூங்கில் கம்பு முகத்தை நோக்கி வரும்போது அதையே செய்வதுதான் கஷ்டம். சிலம்பம் இதைச் சின்னச் சின்ன அளவில் பழக்குகிறது. முதலில் சலாம் வரிசை, பிறகு காலடி. எதிரே ஆளே இல்லாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். 'போர் அடிக்குது' என்று பலர் நின்றுவிடுவது இங்கேதான். அடுத்து, எந்தப் பக்கம் வரும் என்று முன்பே தெரிந்த மெதுவான வீச்சு. வேகம் அதற்குப் பிறகுதான். புதியவரின் கண் கம்பின் நுனியைத் துரத்தும். பழகியவரின் கண் எதிராளியின் தோளிலும் காலிலும் இருக்கும். மெயிலில் உள்ள ஒரு கடுமையான வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டு, கேட்ட விஷயத்தைத் தவறவிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

ஆதாரம் இருக்கிறதா? ஓரளவுக்கு. தற்காப்புக் கலைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றில் நடுத்தரமான பலனையும், பொதுவான மனநலத்தில் சிறிய பலனையும் கண்டது. ஆக்ரோஷத்தைக் குறைப்பதில் கிடைத்த பலன் மிகக் குறைவு. 'கம்பு சுத்தினா கோபமே வராது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் சென்னை, மதுரை, கோவையுடன் திருச்சியிலும் நடந்தன. களரிப்பயட்டு வீரர்கள் திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வந்தார்கள். சிலம்பம் அந்தப் போட்டிகளில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அரசு வேலைக்கான 3% விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழ் ஒன்றே குறி என்றால், நிதானம் தேடிப் போன இடமே இன்னொரு டென்ஷனாகிவிடும்.

இன்னொன்று. தினமும் 12 மணி நேரம் வேலை வாங்கும் நிறுவனத்தில் பிரச்சினை ஊழியரின் மூச்சில் இல்லை. அதற்குக் கம்பு மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

முப்பது வயதில் சேரலாமா? சேரலாம். பல வகுப்புகளில் பக்கத்தில் நிற்பது பத்து வயதுப் பிள்ளைகளாக இருக்கும், அவ்வளவுதான். முட்டி, முதுகு, ரத்த அழுத்தப் பிரச்சினை இருந்தால் ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாளைக்கு முன்கை கன்றிப் போயிருக்கும், ஆபீஸில் கேட்பார்கள்.